கையை விடாதீங்க

இருட்டறையின் கம்பளம் ஈரமாக இருந்தது. பக்கத்தில் ஒரு குழாய்கூட இல்லாத அறை அது.

"ஏசி ஒழுகுதோ என்னவோண்ணா," என்றாள் தங்கை. ஒலியும் விளக்கும் அவள் பொறுப்பு.

"நேத்துதானே ஆள் வந்து பாத்துட்டுப் போனான்? சரி விடு, எல்லாரும் வந்தாச்சு," என்றான் அவன்.

வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். அன்றுதான் முதல் வெள்ளோட்டம். வந்த ஆறு பேரும் போனை உறையில் போட்டுப் பூட்டிக் கொடுத்தார்கள். "உசுரையே கழட்டிக் குடுக்கற மாதிரி இருக்குங்க," என்றார் ஒரு பெரியவர். அவனும் சிரித்தபடி தன் போனைப் பூட்டினான்.

திரையை மறந்து, முன்பின் தெரியாதவர்கள் கைகோத்து இருட்டில் பதினான்கு அடி நடக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். இதை வடிவமைக்க அவனுக்கு இரண்டு வருடம் பிடித்தது. கதவில் ஒரே ஒரு விதியை எழுதியிருந்தான்: என்ன ஆனாலும் பக்கத்துக் கையை விடாதீங்க.

ஏன் என்று தங்கைக்குத் தெரியும். நீச்சல் குளத்தின் ஓரத்தில், "அப்பா, போன் அடிக்குது" என்று சொன்னதே சிட்டுதான். ஒரு நிமிடம்தானே என்று மகளின் கையை விட்டுவிட்டு எடுத்தான். பாவி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான் இந்த அறை, அவனுக்கே தெரியும்.

விளக்கு அணைந்ததும், ஆறு பேரின் மூச்சும் துணி உரசும் சத்தமும் யாரோ அடக்கிய சிரிப்பும் சுவரெல்லாம் ஊர்ந்து வர, வரிசையின் கடைசியில் பெரியவரின் கையைப் பற்றியபடி அவன் நகர்ந்தான். பின்னால் யாருமில்லை. இரண்டடியில் அவனே ஆணியடித்த பலகைச் சுவர்.

காலியாயிருந்த இடக்கைக்குள் ஒரு கை புகுந்தது.

சின்னக் கை. சில்லென்று, ஈரமாக. குளத்து மருந்தின் நெடி குப்பென்று ஏறியது.

அது பின்னால் இழுத்தது. ஓரடி. இரண்டடி. மூன்று. சுவர் வரவில்லை.

"சார், இழுக்காதீங்க," என்றார் பெரியவர்.

எங்கோ பூட்டிய உறைக்குள் அவன் போன் அடித்தது.

"அப்பா, போன் அடிக்குது."

எத்தனை ராத்திரி இந்தக் குரலுக்காக அழுதிருக்கிறான்.

"அடிக்கட்டும்டா கண்ணு. அப்பா எடுக்கல."

பெரியவரின் கையை விட்டான்.

நான்கடி. ஐந்து. கணுக்காலில் தண்ணீர். பிறகு முழங்கால். இடுப்பு.

"அண்ணா, ஆறு பேரும் வெளிய வந்துட்டாங்க. நீ எங்க இருக்க?" ஒலிபெருக்கியில் தங்கையின் குரல் எங்கோ மேலேயிருந்து வந்தது. "அண்ணா?"

பயமாக இருந்தது. பெரியவரை நோக்கி வலக்கையை நீட்டினான். யாருமில்லை.

விளக்கைப் போட்டாள் தங்கை.

வெளிச்சம் அவன் தலைக்கு வெகு உயரத்தில் அலையாடியது. இடக்கையில் சின்ன விரல்கள் இன்னும் இறுகின.