தொண்ணூற்று ஏழாவது அடி

எதைக் கண்டாலும் காலால் அளந்து பார்ப்பது அந்தச் சிறுமியின் வழக்கம். ஒரு காலின் குதியை மறு காலின் கட்டைவிரலோடு ஒட்டி வைத்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே நடப்பாள். அவள் கணக்கில் வீட்டுச் சமையலறை பதினெட்டு அடி. வகுப்பறை முப்பத்து நான்கு. பல் மருத்துவரின் வரவேற்பறை இருபத்தொன்று. கன்னம் வீங்கியிருந்த அன்றுதான் அதை அளந்தாள்.

அளவுகளையெல்லாம் நீல நிற நோட்டு ஒன்றில் எழுதி வைப்பாள். அளந்துகொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால், சட்டைப் பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து, நின்ற இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்து அங்கிருந்தே தொடர்வாள். ஆகவே அந்த நோட்டில் அரைகுறை அளவு ஒன்றுகூடக் கிடையாது. பத்து வயதுக்குள் அவளுக்கு அதில் பெருமை வந்திருந்தது.

அவளுடைய தம்பி அவளுக்கு 'அடிக்கோல்' என்று பெயர் வைத்தான். அந்தப் பெயர் எப்படியோ பள்ளிக்கூடம் வரை போய்விட்டது.

விடுமுறையில் ஒரு நாள் அப்பா, அம்மா, தம்பியோடு அடிக்கோல் ஒரு கடற்கரை நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போனாள். அது தோட்டங்களின் நகரம். பேருந்து நிறுத்தங்களின் கூரைமேல் கூடக் கொடிகள் படர்ந்திருந்தன. யாருக்கும் எந்த அவசரமும் இல்லை. காலையில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தார்கள். பிறகு கடலோர நடைபாதையில் மெல்ல நடந்தார்கள்.

அடிக்கோல் மட்டும் எல்லோருக்கும் பின்னால் வந்தாள்.

"அக்கா இன்னும் பெஞ்சுகிட்டயே நிக்கிறாப்பா," என்றான் தம்பி.

"ஏம்மா, நிதானமா ஊரைச் சுத்திப் பாக்கலாம்னுதான் வந்தோம். அதுக்காக இவ்வளவு நிதானமா?" என்றார் அப்பா.

"பெஞ்சு ஒன்பது அடிப்பா. நம்ம நாலு பேரும் தாராளமா உக்காரலாம்."

"அதை உக்காந்து பாத்தே தெரிஞ்சுக்கலாமே!" என்று அம்மா சிரித்தார்.

பிற்பகலில் பெரிய பூங்காவுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒரு புல்மேட்டின் சரிவில் பூக்கடிகாரம் இருந்தது. வட்டமான பாத்தி முழுவதும் சிவப்புச் செடிகள். எண்கள் மட்டும் வெள்ளைப் பூக்களால் ஆனவை. நடுவில் இரண்டு இரும்பு முட்கள் உண்மையாகவே நேரம் காட்டின. பாத்தியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கல் விளிம்பு ஓடியது.

அதைப் பார்த்ததும் அடிக்கோலின் கால்கள் நமநமத்தன. பன்னிரண்டாம் எண்ணுக்கு நேராக விளிம்பில் ஏறி அளக்கத் தொடங்கினாள். மூன்றைக் கடந்தாள். ஆறைக் கடந்தாள். தொண்ணூற்று ஐந்து... தொண்ணூற்று ஆறு... தொண்ணூற்று ஏழு...

'வ்வீஈஈஈ!' என்று ஒரு விசில் சத்தம் பூங்காவையே தூக்கிப் போட்டது.

புல்வெளியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். வெள்ளைத் தொப்பி அணிந்த தோட்டக்காரர் ஒருவர், விசில் கழுத்தில் ஊசலாட, மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"இறங்கு! முதல்ல கீழே இறங்கு! எட்டைப் பாரு, நசுங்கிக் கிடக்கு! நீ பண்ண வேலையா இது?"

அடிக்கோல் குனிந்து கூழாங்கல்லை விளிம்பில் வைத்துவிட்டு இறங்கினாள். பாத்தியை அப்போதுதான் கவனித்தாள். பத்தாம் எண்ணுக்கு அருகே தொடங்கி எட்டு வரைக்கும் நான்கு காலடித் தடங்கள். எட்டின் மேல்வட்டம் மண்ணோடு மண்ணாகிவிட்டிருந்தது.

"நான் உள்ளே போகவே இல்லை, மாமா. கல்லு மேலதான் நடந்தேன்."

"கல்லு மேல ஏறினவளுக்கு மண்ணுல இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலம் அதிகாரி வந்து பாக்கப் போறாரு. நான் என்னன்னு பதில் சொல்வேன்?"

பக்கத்தில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களே இப்படித்தான்," என்றது ஒரு குரல்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க சார். குழந்தை, தெரியாம..."

"அப்பா! நான் மிதிக்கலை!"

"சரி சார், கூட்டிட்டு வெளியே போங்க. இதை நட்டு முடிக்கவே எனக்குப் பொழுது சரியா இருக்கும்," என்றார் தோட்டக்காரர்.

வெளியே போவது என்றால் பூங்கா அதோடு முடிந்தது. பூங்காக் குளத்தில் ஆள் உட்காரும் அளவுக்கு அகலமான தாமரை இலைகள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தாள்; அவற்றை இனிப் பார்க்க முடியாது. செய்யாத குற்றத்துக்குத் தலை குனிந்து போக வேண்டும். அதோடு, நோட்டில் முதல் முறையாக ஒரு பாதி அளவு விழும்.

தோட்டக்காரர் பாத்தியின் குறுக்கே, தடங்களை ஒட்டி, ஒரு நீளப் பலகையைப் போட்டார். செடிமேல் கால் படாமல் இருக்க, அதன்மேல் மண்டியிட்டுத்தான் அவர் வேலை செய்வார். நாற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு எட்டின் அருகே போய் மண்டியிட்டார்.

அடிக்கோல் நகரவில்லை.

"மாமா, நான் போயிடறேன். அதுக்கு முன்னாடி அந்தத் தடத்தை ஒரு தடவை அளந்துக்கட்டுமா? பலகையை விட்டு இறங்க மாட்டேன்."

"அளக்கப் போறியா?" தோட்டக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அளந்து என்ன, சட்டை தைக்கப் போறியா?"

"அவ எல்லாத்தையும் அளப்பா சார்," என்றான் தம்பி. "எங்க வீட்டு நாயைக் கூட அளந்திருக்கா. அதுதான் நிக்கலை."

தோட்டக்காரரின் மீசை லேசாக அசைந்தது. "ஒரே தடவை. சீக்கிரம்."

அவள் பலகைமேல் நடந்தாள். ஒரு தடத்தின் பக்கத்தில் பலகைமேலேயே தன் காலை வைத்துப் பார்த்தாள். தடத்தின் நீளம் அவள் காலைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடையே ஆறு அடி.

"ஆறடி தாண்டிக் குதிக்க என்னால முடியாது மாமா. பள்ளிக்கூடத்துல நாலடி தாண்டினதே பெரிய பாடு. யாரோ பெரியவங்க வேகமா ஓடியிருக்காங்க."

தோட்டக்காரர் கையில் நாற்றோடு யோசித்தார். "அட, ஆமா. அப்போ எந்தத் தடியன்..."

அப்போதுதான் அடிக்கோலின் கண் வேறோர் இடத்தில் நின்றது. தோட்டக்காரர் மண்டியிட்டிருந்ததால் அவருடைய பூட்ஸின் அடிப்பகுதி மேலே தெரிந்தது. இடது குதியில் பிறை வடிவில் ஒரு துண்டு பெயர்ந்து போயிருந்தது. மண்ணில் இருந்த தடத்திலும் அதே பிறை, அதே இடத்தில். போதாக்குறைக்கு, ஒரு வெள்ளை இதழ் வேறு பூட்ஸில் ஒட்டிக்கொண்டிருந்தது.

புல்வெளியில் இன்னும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உரக்கச் சொன்னால் அத்தனை பேருக்கும் கேட்கும். தன்மேல் அத்தனை கண்களும் விழுந்தபோது காது எப்படிச் சுட்டது என்பது அவளுக்கு நினைவு வந்தது.

அவள் குனிந்து அவர் காதருகில், "மாமா, உங்க இடது பூட்ஸைக் கொஞ்சம் பாருங்களேன்," என்றாள்.

தோட்டக்காரர் பார்த்தார். தடத்தைப் பார்த்தார். மறுபடியும் பூட்ஸைப் பார்த்தார்.

"இருக்கவே இருக்காது. இருபத்திரண்டு வருஷமா பலகை போடாம நான் உள்ளே..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். கை தானாகத் தலைக்குப் போனது.

"ஐயையோ, தொப்பி!"

"தொப்பியா?"

"காலையில காத்துல பறந்துடுச்சு. கடலுக்குப் போயிடுமோன்னு பதறி ஓடிப் போய்ப் பிடிச்சேன். எட்டுகிட்டதான் பிடிச்சேன்! தொப்பி கிடைச்ச சந்தோஷத்துல காலுக்குக் கீழே பாக்கவே இல்லையே!"

பூட்ஸில் ஒட்டியிருந்த வெள்ளை இதழை அவர் மெல்ல எடுத்தார்.

"பரவாயில்லை மாமா. நாங்க மெதுவாப் போயிடறோம். யாருக்கும் தெரியாது," என்றாள் அடிக்கோல்.

"அது எப்படி?" என்று அவர் எழுந்தார். "திட்டினது ஊருக்கே கேட்டுச்சு. மன்னிப்பு மட்டும் உன் காதுக்குக் கேட்டாப் போதுமா?"

'வ்வீஈஈஈ!'

மறுபடியும் எல்லோரும் திரும்பினார்கள். தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! எட்டை மிதிச்சது இந்தப் பொண்ணு இல்லை. நான்தான்! அவளைத் தப்பாத் திட்டிட்டேன். சாயங்காலம் அதிகாரிகிட்டயும் இதைத்தான் சொல்லப் போறேன்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுடும்மா."

உச்சுக் கொட்டியவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, மகளின் தோளில் கை வைத்தார். "நானும் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றார்.

தோட்டக்காரர் விளிம்பில் இருந்த கூழாங்கல்லைக் காட்டினார். "இது எதுக்கு?"

"அது வரைக்கும் அளந்துட்டேன். நீங்க விசில் அடிச்சுட்டீங்க."

அவர் தன் கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் ஏறினாள். கூழாங்கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அது இருந்த இடத்துக்கு முன்னால் காலை வைத்தாள்.

"தொண்ணூற்று எட்டு," என்றாள்.

"தொண்ணூற்று ஒன்பது," என்றார் தோட்டக்காரர், பக்கத்திலேயே நடந்துகொண்டு.

பூக்கடிகாரத்தின் சுற்றளவு நூற்று இருபத்தாறு அடி.