எழுபதிலேயே நின்ற முள்

ஞாயிறு காலை 9.10. சுருட்டுப் பெட்டியைத் திறந்த மருமகள், "ஐயோ!" என்று அலறினாள். இருபது சுருட்டுகளிலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. குழந்தை பிறந்ததும் நண்பர்களுக்குக் கொடுக்க அவள் கணவன் ஆசையாக வாங்கி வைத்தவை அவை. அவன் இறந்து ஏழு வாரம் ஆகிறது. பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள்தான்.

9.30. மாமியார் பிடித்துக்கொண்டாள். "கடைசில ஒரு வாய் தண்ணி கூட இல்லாமப் போன புள்ள! அவன் வச்சுட்டுப் போன ஒரே பொருள், அதையும் கவனிக்காம விட்டுட்டியேடி! இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

மருமகள் ஒரு பையை இழுத்தாள். துணிகளை எடுத்துப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

9.50. சத்தம் கேட்டு, மாடி வீட்டு இன்ஸ்பெக்டரம்மா இறங்கி வந்தார். ஓய்வுபெற்று நாலு வருஷம் ஆகியும் அந்தப் போலீஸ் மூக்கு மட்டும் ஓய்வுபெறவில்லை.

"பெட்டிக்குத் தண்ணி யாரு ஊத்துறது?"

"நான்தான். ஞாயித்துக்கிழமை பெட்டி மேல இருக்கிற துளை வழியா உள்ள பஞ்சுக்கு ஒரு மூடி, டிஸ்டில்ட் வாட்டர். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஈரம் எழுபதுல நிக்கணும், கூடினா பூஞ்சை, குறைஞ்சா சுருட்டு காஞ்சு விரிஞ்சிடும்னு அவர்தான் சொல்லிக் கொடுத்தார்."

"வெளிப்பக்கம் ஈரம் காட்டுற மீட்டர் முள்ளைப் பாத்தியா?"

"வாராவாரம் பாத்தேன். எழுபதுதான்."

இன்ஸ்பெக்டரம்மா பெட்டியைத் திறந்தபடியே ஜன்னல் வெயிலில் வைத்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. முள் எழுபதை விட்டு அசையவில்லை.

பிறகு தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். வாரத்துக்கு ஒன்றாக மருமகள் போட்ட பென்சில் கோடுகள். தண்ணீர் கடைசிக் கோட்டில் கச்சிதமாக நின்றது. பெட்டி மூடிக்கு அடியில் இருந்த பஞ்சைக் கழற்றினார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஓரமெல்லாம் வெள்ளை உப்பு. பெட்டியின் மேல் வட்டமாக ஓர் ஈரத் தடம். மேஜையில் இருந்த மாமியார் மாத்திரை விழுங்கும் டம்ளரை எடுத்து அதன் மேல் வைத்தார். சரியாகப் பொருந்தியது.

10.25. "மீட்டர் கெட்டுப்போச்சு. அதை நம்பினதைத் தவிர இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. டிஸ்டில்ட் வாட்டர்ல உப்பு கிடையாது. இது குழாய்த் தண்ணி." குரலைத் தணித்துக்கொண்டார். "ஊத்தினது நீங்கதானேம்மா?"

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரில தண்ணி, தண்ணின்னு கெஞ்சினான். குடுக்கவே கூடாதுன்னுட்டாங்க. நானும் குடுக்கல. பாவி, பெத்தவ நான்..." பெட்டியைக் கை காட்டினாள். "இந்தப் பெட்டிக்குத் தண்ணி காயக் கூடாதுன்னு இவ சொன்னா. தினமும் காலைல ரெண்டு வாய் ஊத்தினேன். பஞ்சு உறிஞ்சும்போது அவனே குடிக்கிற மாதிரி இருந்துச்சு. அது கெடுதல்னு எனக்குத் தெரியாதே!"

இன்ஸ்பெக்டரம்மா எத்தனையோ வாக்குமூலம் வாங்கியவர். இப்படி ஒன்றை வாங்கியதில்லை. பெட்டியை மெல்ல மூடினார்.

மருமகள் பையைக் கீழே வைத்தாள். வயிற்றைப் பிடித்தபடி மெல்ல மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, எனக்குத் தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி குடுங்க."

மாமியார் எழுந்தாள். அதே டம்ளரைக் கழுவி, நிரப்பி நீட்டினாள். மருமகள் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கும் மட்டும் மாமியார் அவள் பக்கத்திலேயே நின்றாள்.