பதினோரு நிமிடம்

“யாரு அந்த ஆம்பளை?”

தபால் பெட்டியிலிருந்து எடுத்த கல்லூரிக் கடிதத்தை வழியிலேயே பிரித்துப் படித்துவிட்டு வந்திருந்தாள் வாண்டா. அதைச் சமையல் மேசைமேல் வீசினாள். லோர்னா அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

“கேமரா பாத்துட்டிருக்கு, நீ பாட்டுக்கு வீட்லேருந்து எழுதற பரீட்சையில எழுந்து போயிருக்க. பதினோரு நிமிஷம்! பக்கத்துல ஒருத்தன் நம்பர் நம்பரா சொல்றது ரெக்கார்டுல கேக்குதாம். என் தம்பிக்குத்தான் பேச்சே வராதே... அப்ப அது யாரு? அன்னிக்கு நான் வரேன்னப்ப வேணாம்னியே, இதுக்குத்தானா?”

“வாண்டா, மெதுவா பேசு. அவர் காதுல விழும்.”

“விழட்டும்! நாப்பத்தஞ்சு வயசுல காலேஜ் கேக்குதா உனக்கு? கூடவே விடை சொல்ல ஒரு ஆளு!”

முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாக லோர்னா உதவியாளர். நர்ஸ் படிப்புக்கு அல்ஜீப்ராவில் எழுபது மதிப்பெண் வேண்டும். முதல் முறை பாதியில் கணவர் வெர்லின் பக்கவாதத்தில் விழுந்தார், வகுப்பை விட்டாள். இரண்டாம் முறை கடைசிப் பரீட்சைவரை வந்துவிட்டாள். எழுபது வந்தால் செப்டம்பரில் நர்ஸ் வகுப்பில் இடம் உண்டு. இப்போது காப்பியடித்ததாகச் சொல்லிப் பூஜ்யம் போட்டிருந்தார்கள். வியாழக்கிழமை விசாரணை.

ஒரே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் அது அவளுடைய உண்மை மட்டுமல்ல.

வெர்லின் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஊரில் பாதிப் பேர் அவர் பேருந்தில் போனவர்கள். பக்கவாதம் வார்த்தைகளைக் கொண்டுபோய்விட்டது, எண்களை விட்டுவைத்தது. தண்ணீர் வேண்டுமென்றால் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார். ஆறிலோ ஏழிலோ ‘தண்ணி’ என்ற சொல் நழுவி வந்துவிடும். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரன் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து லோர்னாவைத் தவிர யார் முன்னாலும் அவர் வாய் திறப்பதில்லை, அக்கா முன்னால்கூட. யாரிடமும் சொல்லக்கூடாதென்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

பரீட்சையன்று குளியலறையில் வழுக்கி விழுந்தார். கால்சட்டை நனைந்து தரையில் கிடந்தபடி அவள் பெயரைத் தேடி எண்ணிக்கொண்டிருந்தார். கேமரா கேட்டது அதைத்தான்.

“என்னால சொல்ல முடியாது வாண்டா.”

“சொல்ல முடியாதா? அடிப்பாவி! அவன் உயிரோடதானே இருக்கான்...”

படுக்கையறைக் கதவு திறந்தது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வெர்லின் வந்தார். முகம் சிவந்திருந்தது.

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

“வேணாம் வெர்லின்,” என்றாள் லோர்னா.

அவர் நிறுத்தவில்லை. “எட்டு... ஒம்போது... நான்.” தன் மார்பைத் தொட்டார். “நான்.”

வாண்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை தன் காரில் அவளே இருவரையும் அழைத்துப்போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அவர்களில் ஒருத்தி சிறுமியாக வெர்லினின் பேருந்தில் போனவள். அவளைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அன்னிக்கு என்ன நடந்துச்சுங்க?” என்று அவள்தான் கேட்டாள்.

பதினான்குவரை எண்ண வேண்டியிருந்தது. “...விழுந்தேன்.” பிறகு மறுபடி ஒன்றிலிருந்து. யாரும் சிரிக்கவில்லை. “நனைஞ்சு... போச்சு.”

லோர்னா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெர்லினையும் வாண்டாவையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு முடிவை லோர்னாவிடம் சொன்னார்கள். அவள் மேல் தப்பில்லை, பூஜ்யம் ரத்து. ஆனால் எழுதிய வரைக்கும்தான் திருத்த முடியும், மறுபரீட்சைக்கு விதி இல்லை. கடைசி மூன்று கணக்குகளை அவள் தொடவே இல்லை. அறுபத்தாறு.

“எங்களுக்கும் வருத்தமா இருக்கு,” என்றாள் அந்தப் பெண். உண்மையாகவே வருத்தப்பட்டாள். அறுபத்தாறு அறுபத்தாறாகவே இருந்தது.

வெளியே வந்ததும் வாண்டா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “என்னை மன்னிச்சிடு லோர்னா! நாக்கா இது... என்னெல்லாம் பேசிட்டேன்! எல்லாத்தையும் தாங்கிட்டு நின்னியே...” தோள் நனைய அழுதாள். லோர்னா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

“ஏமாத்தலன்னு ஒத்துக்கிட்டாங்களா?”

“எழுதியே குடுத்துட்டாங்க.”

“அப்ப பாஸா?”

வெர்லின் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றரை வருடமாக மூடிக் காத்த வெட்கத்தை அந்த மூன்று பேரின் மேசையில் கொட்டிவிட்டு வந்திருந்தார்.

“பாஸ்,” என்றாள் லோர்னா.

பாதி வாயால் அவர் சிரித்தார். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அவரைக் கூட்டிட்டுப் போ வாண்டா. ஒரு கையெழுத்து பாக்கியிருக்கு, போட்டுட்டு வந்துடறேன்.”

கார் நிறுத்துமிடத்தை நோக்கி இருவரும் மெல்ல நகர்ந்தார்கள். அவர்கள் முதுகு மறைந்த பிறகு அவள் பதிவு ஜன்னலுக்குப் போனாள். கணினியில் பெயரைத் தட்டிய பெண் நெற்றியைச் சுருக்கினாள்.

“இதே பாடமா? மூணாவது தடவையாச்சே!”

“ஆமாம்மா.”

“வீட்லேருந்தே எழுதறதா, நேர்ல வர்றதா?”

“நேர்ல,” என்றாள் லோர்னா. “பரீட்சையும் இங்கேயே வந்து எழுதற மாதிரி போடு.”