பூட்டனுக்கு இறைத்த நீர்

புகை அலாரம் அலறியது.

தர்ஷனா குசினிக்குள் ஓடினாள். அடுப்பு அணைந்திருந்தது. காலையில் தர்ப்பணத்துக்கு ஏற்றிய கற்பூரமும் எப்போதோ எரிந்து முடிந்திருந்தது. ஆனாலும் டூங்கபி என்ற அந்த வெளிநாட்டுப் புறநகரின் சின்ன வீடு முழுக்க நிலக்கரிப் புகை மணத்தது. கூடவே, மழையில் நனைந்த கம்பளியின் நாற்றம்.

கதிரையில் ஏறி அலாரத்தை நிறுத்தினாள்.

அந்த அமைதியில்தான் கேட்டது. மகளின் அறையில், கிண்ணத்தில் கரண்டி உரசும் சத்தம்.

ஆறு வயது மிருணாளினி மாதக்கணக்காக ஒரு பருக்கையும் உண்ணவில்லை. மூக்கில் மாட்டிய குழாயால்தான் உயிர் ஓடியது. வைத்தியர்கள் கைவிரித்துவிட்டார்கள். "தகப்பன் வழியில, ஒருத்தரும் கூப்பிடாத ஆள் ஒண்டு நிக்குது" என்றார் கோயில் ஐயர்.

அது யாரென்று தர்ஷனாவின் கணவன் சுபாங்கனுக்குத் தெரியும். அவனுடைய பூட்டன் ஜோன் கெர். ஸ்கொட்லாந்துக்காரர், மலையகத்து ஹட்டனில் தேயிலை மெஷின் திருத்தியவர். வெள்ளைக்காரர் என்பதால் குடும்பம் அவர் பெயரை எந்தத் திவசத்திலும் சொன்னதில்லை. சுபாங்கன் இணையத்தில் இரவு பகலாகத் தேடி, ஊர் டண்டீ, தகப்பன் பெயர் தோமஸ் என்று கண்டுபிடித்தான். இன்று அமாவாசை. அந்த விவரங்களைச் சொல்லி அழைத்து, எள்ளும் நீரும் இறைத்தான்.

கதவைத் திறந்தாள்.

மிருணாளினி கட்டிலில் உட்கார்ந்து புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தர்ஷனா அழுதபடி முழந்தாளிட்டாள். அப்போதுதான் கண்டாள். கிண்ணத்தின் விளிம்பில் கரி படிந்த ஒரு பெருவிரல் அடையாளம்.

ஒரு பெரிய ஆணின் விரல்.

கைபேசி அடித்தது. தர்ப்பணம் முடித்து வேலைக்குப் போயிருந்த சுபாங்கன்.

"தர்ஷி, பிழைச்சுப் போச்சு. பூட்டன்ர சொந்தக்காரர் ஒருத்தர் ஸ்கொட்லாந்தில இருந்து இப்பதான் கதைச்சவர். அதே ஊரில அதே பேரில ரெண்டு பேராம். எங்கட ஆள்ர தகப்பன் தோமஸ் இல்லை. நான் கூப்பிட்டது மற்றவரை."

"மற்றவர் ஆர்?"

"கரி சுமந்த மனுசன். அந்தாள்ர மகள் பட்டினியில செத்தவளாம். எங்கட பிள்ளையின்ர வயசுதான்."

கரண்டி மெல்ல உரசிக்கொண்டிருந்தது.

"ஐயரைக் கூட்டிக்கொண்டு வாறன். அந்தாளை அனுப்பிவிடுவம்."

"வேண்டாம்" என்று கிசுகிசுத்தாள். "அவள் சாப்பிடுறாள். சத்தம் கேக்குதோ?"

"தர்ஷி, அது எங்கட ஆளில்லை."

"ஆராயிருந்தா என்ன? பிள்ளை சாப்பிடுறாள்."

கரண்டி நின்றது.

மிருணாளினிக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தில், மெத்தை ஆழமாக அமுங்கியிருந்தது. அவள் அந்தப் பக்கம் சாய்ந்து எதற்கோ காது கொடுத்தாள். தலையாட்டினாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

"அந்த அப்பா போகச் சொன்னா, இந்த அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போவாராம்."