முப்பத்தெட்டு நிமிடம்

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய அந்தப் பழைய குடியிருப்புக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்றரை மணி. லிஃப்ட் கிடையாது, மூன்றாவது மாடி. பழைய கம்ப்யூட்டரை வேகமாக்குவதுதான் என் பிழைப்பு. உள்ளே கரகரவென்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டிக் கொடுப்பேன். தூங்குமூஞ்சியாகக் கிடந்த கம்ப்யூட்டர் பத்து விநாடியில் எழுந்து நிற்கும். மேற்கு மாம்பலத்தில் டில்லிபாபு என்று விசாரித்தால், "பத்து செகண்ட் பாபுவா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

என்னை வரச் சொன்னது நிஷா என்ற பெண். புனேயில் வேலை. போனில்தான் பேசினாள். அப்பா கதிரேசன் இறந்து மூன்று வருடம், அம்மா தனியாக இருக்கிறார், அப்பாவின் கம்ப்யூட்டர் எழுந்து வர அரை மணிக்கு மேல் ஆகிறது, வீடியோவில் பேரனைப் பார்ப்பதற்குள் பேரன் தூங்கிவிடுகிறான் என்றாள்.

கதவைத் திறந்தவர் அந்த அம்மா, ஜோதிலட்சுமி. அறுபது வயதிருக்கும். இடது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வந்த விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"அது மெதுவாவே இருக்கட்டும் நைனா. நீ ஒரு காபி குட்ச்சிட்டுக் கெளம்பு."

பெரியவர்கள் எல்லோரும் இப்படித்தான். கல்யாண போட்டோ அழிந்துவிடும் என்று பயப்படுவார்கள். எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: வேலை சொன்னவர் யாரோ, அவர் பேச்சுதான் பேச்சு. வேலை சொன்னது மகள். நான் ஹாலுக்குள் போய் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். எவ்வளவு மோசம் என்று முதலில் பார்த்துவிடுவது வழக்கம்.

அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உடனே பையைத் தோளில் மாட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

டிஸ்க் முனகியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். திரையில் ஒன்றும் வரவில்லை. ஜன்னல் வழியாக ஆற்று நாற்றம் வந்தது. அதோடு சேர்ந்து இன்னொரு வாசனை, நனைந்த தோல் பெல்ட்டின் வாசனை. கீழே கேட் திறந்தது. படியில் யாரோ ஏறினார்கள். ஒரு படி. நீண்ட இடைவெளி. இன்னொரு படி.

"யாரும்மா வராங்க?"

"ஆஃப் பண்ணிடு நைனா," என்றார் மெல்ல. "உன் கால்ல வுழறேன்."

எப்படியும் அணைத்துத்தானே திறக்க வேண்டும்? அணைத்தேன். படியில் கேட்ட காலடி நின்றது. மேலே வரவுமில்லை, கீழே இறங்கவுமில்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய டிஸ்க்கையும் புதியதையும் என் லேப்டாப்பில் மாட்டி நகல் எடுக்க ஆரம்பித்தேன். புதிதாக எதையும் ஏற்றுவது என் வழக்கமில்லை. இருப்பதை இருந்தபடியே, ஒன்று விடாமல், அப்படியே மாற்றுவேன். வாடிக்கையாளருக்கு அதுதான் பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றேன். அந்த அம்மா எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எங்க வூட்டுக்காரரு இன்னும் வந்துக்கினுதான் கீறாரு," என்றார். "ஷிஃப்ட்டு வேல. எப்ப வருவாருன்னு அப்பவும் தெரியாது, இப்பவும் தெரியாது. கம்ப்யூட்டரு தானா ஆன் ஆவும். அது முழுசா வர முப்பத்தெட்டு நிமிசம். அவரு தெரு முனையிலேர்ந்து மேல வரவும் அதே முப்பத்தெட்டு. அதுக்குள்ள எறங்கிப் போயி எதிர்ல பஸ் ஸ்டாப்புல குந்திக்குவேன். வந்தார்னா ஹால்ல லைட்டு எரியும். ரெண்டு மூணு மணி நேரத்துல அணையும். அப்பால வூட்டுக்கு வருவேன்."

தனிமை மனிதரை என்ன பாடு படுத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"வயரைப் புடுங்கிட வேண்டியதுதானேம்மா?"

"ஆஃப் பண்ணா அப்ப நின்னுடுவாரு, தானா மறுபடி ஆன் ஆனா மொதல்லேர்ந்து வருவாரு. ஒரு தபா வயரையே புடுங்கி வெச்சேன்." கோணல் மணிக்கட்டைக் காட்டினார். "அன்னிக்கு சத்தமே இல்லாம வந்துட்டாரு."

"பொண்ணு வீட்டுக்குப் போய்டலாமே."

"போனேன். அங்கயும் வந்தாரு. கொழந்த பக்கத்துல தூங்கிக்கினு கீது. விடிஞ்சதும் ரயில் ஏறிட்டேன். எனக்கு இந்த முப்பத்தெட்டு நிமிசம் போதும் நைனா. அத்த மட்டும் எட்துக்காத."

நிஷாவுக்கு போன் செய்தேன். அவள் சிரித்தாள். "அம்மா எதாவது சொல்லிட்டே இருப்பாங்க, கண்டுக்காதீங்க. அப்பா கொஞ்சம் கோவக்காரர், அவ்ளோதான். நீங்க முடிச்சிடுங்க." ஊருக்குத் தெரியாமல் அடி வாங்கியவர், பெற்ற மகளுக்கும் தெரியாமல்தான் வாங்கியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஐந்தேமுக்காலுக்கு வேலை முடிந்தது. புதியதைப் பெட்டிக்குள் மாட்டினேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பழசையே மாட்டிடு என்றார். ஒரே ஒரு தடவை பாருங்க, பிடிக்காவிட்டால் பழசையே மாட்டித் தருகிறேன் என்றேன். வேலை முடிந்ததும் வாடிக்கையாளரை வாய்விட்டு எண்ணச் சொல்வது என் வித்தை. அவர்கள் பத்து எண்ணுவதற்குள் திரை வந்துவிடும், வாயைப் பிளப்பார்கள். அந்த ஆசை என்னை விடவில்லை.

பட்டனை அழுத்தினேன்.

அவர் எண்ணவில்லை. செருப்புகூடப் போடாமல் கதவை நோக்கி ஓடினார். நானே எண்ணினேன்.

"ஒண்ணு."

கீழே கேட் சுவரில் மோதியது.

"ரெண்டு."

படிகளில் யாரோ ஓடி வந்தார்கள்.

"மூணு."

தாழ்ப்பாளில் கை வைத்த அந்த அம்மா அப்படியே நின்றார்.

நாலு என்பதை நான் சொல்லவில்லை. திரை வந்துவிட்டது. ஹால் லைட் தானாக எரிந்தது.

கதவு திறக்கவே இல்லை. அந்த அம்மாதான் கதவிலிருந்து பறந்து வந்து ஸ்டீல் பீரோவில் மோதினார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. எழுவதற்குள் அவர் தலைமுடி மேலே இழுபட்டது. இழுத்த கை எங்கும் தெரியவில்லை. ஹாலின் குறுக்கே அவரைத் தரதரவென்று இழுத்துப் போனது அது. பிறகு பெல்ட் சத்தம் கேட்டது. பெல்ட்டும் தெரியவில்லை. அவர் முதுகில் ரவிக்கை வரி வரியாகக் கிழிந்து, ஒவ்வொரு வரியும் சிவந்தது.

அவர் கத்தவில்லை. தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டார். அக்கம்பக்கத்துக்குக் கேட்கக்கூடாது என்ற பழக்கம். அதைப் பார்த்ததும் எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. நடுவில் பாய்ந்தேன்.

என் வலது கையை எதுவோ பிடித்து மேசைமேல் விரித்து வைத்தது. பொறுமையாக, ஒவ்வொரு விரலாக. பிறகு மானிட்டரைத் தூக்கி அதன்மேல் இறக்கியது.

இரண்டு தடவை.

எலும்பு உடைந்த சத்தத்தை நானே கேட்டேன். இடது கையால் வயரைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டர் அணைந்தது. அடி நிற்கவில்லை. வயரைப் பிடுங்கியும் அந்த ஆள் வந்தார் என்று அந்த அம்மா சொல்லியிருந்தாரே, அது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"பழசு," என்றார் உடைந்த உதட்டோடு. "பழச மாட்டு."

பெட்டியின் மூடியைப் பல்லாலும் இடது கையாலும் கழற்றினேன். புதியதைப் பிய்த்து எறிந்தேன். பழைய டிஸ்க்கை எடுத்தபோது என் ரத்தத்தில் அது வழுக்கியது. பின்னால் பெல்ட் விழுந்துகொண்டே இருந்தது. பதினேழு வரை எண்ணினேன். இரண்டு கேபிள்களையும் குத்தி, வயரைச் செருகி, பட்டனை அழுத்தினேன்.

டிஸ்க் முனகியது.

பெல்ட் பாதியில் நின்றது. லைட் அணைந்தது. காலடிகள் கதவைத் தாண்டிப் படியில் இறங்கின, அவசரமே இல்லாமல். கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

"முப்பத்தெட்டு நிமிசம் கீது," என்றார் அந்த அம்மா. "என் செருப்ப எடு நைனா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார். "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்." டாக்டர் என் கையைப் பார்த்தார். வேறு என்ன சொல்வது? நானும் விழுந்தேன் என்றேன்.

எனக்கு இரண்டு விரல்கள் போயின. அவருக்கு இடுப்பெலும்பில் விரிசல், பழைய நடை போனது. என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன். "உன் வூட்லயும் பொண்டாட்டி கீறா," என்று சொல்லிவிட்டு, வாக்கரை ஊன்றிக்கொண்டு அதே மூன்றாவது மாடிக்குத் திரும்பினார். என் திமிருக்கு அவர் கொடுத்த விலை அது. இதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

இப்போது நான் எஸ்.எஸ்.டி. வேலை பார்ப்பதில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி, இருப்பதிலேயே பழைய, இருப்பதிலேயே மந்தமான ஹார்ட் டிஸ்க்கைத் தேடுகிறேன். "இன்னா பாபு, ரிவர்ஸ்ல போறியா?" என்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பழைய டிஸ்க் இன்னும் எத்தனை நாள் தாங்குமோ, கைவசம் மாற்று இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் தானாக எழும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மா பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, ஹால் லைட் எரிந்ததும் எனக்கு வாட்ஸப்பில் ஒரு எண்ணை அனுப்புவார். எத்தனை நிமிடம் என்று. முதல் மாதம் முழுக்க முப்பத்தெட்டு. பிறகு ஒரு நாள் முப்பத்தாறு. ஓடிப் போய் டிஸ்க்கைச் சோதித்தேன், ஒன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க் வயதானால் மெதுவாகும். வேகமாகவே ஆகாது. இருபது வருடத் தொழிலில் எனக்குத் தெரிந்தது அது.

இருபத்தொன்பது வந்தது. கடையில் சோதித்தபோது எழுந்து வர ஒரு மணி நேரம் எடுத்த டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுத்து மாட்டினேன். மறுநாள் இருபத்திரண்டு. அதற்கடுத்த வாரம் பதினைந்து.

இன்று காலை அவரை நானே கைத்தாங்கலாக இறக்கிப் பார்த்தேன், போனில் நேரத்தை ஓடவிட்டு. எங்கும் நிற்கவில்லை, மூச்சு வாங்கியும் அவர் உட்காரவில்லை. மூன்று மாடி இறங்கி, ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பில் உட்காரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

நேற்று அவர் அனுப்பிய எண் பதின்மூன்று.