ஆறாம் நிமிடத்துச் சிரிப்பு

அந்த மின்னஞ்சலில் மோசடிக்கான அடையாளம் ஒன்றும் இல்லை. அதுதான் முதலில் உறுத்தியது.

பொய் மின்னஞ்சல்களைப் பிரித்து மேய்ந்தே பிழைப்பவள் அவள். அவள் நடத்தும் வீடியோ சேனலின் பெயர் ‘சல்லடை’. நாளடைவில் அவள் பெயரும் அதுவே ஆகிவிட்டது. பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு இலவச முகவரியிலிருந்து விளம்பர வாய்ப்போடு வருபவன், “அன்புள்ள படைப்பாளியே” என்று மொட்டையாகத் தொடங்குபவன், ஒரு வீடியோகூடப் பார்க்காமல் “எல்லாமே அருமை” என்று ஐஸ் வைப்பவன், ஒப்பந்தம் என்று பூட்டிய கோப்பை அனுப்பி “கணினியில் மட்டும் திறக்கவும்” என்பவன் என்று எல்லோரையும் மூன்றே வரியில் கிழித்துவிடுவாள். ஆனாலும் ஏமாற்றுகிறவர்களைவிட ஏமாறுகிறவர்கள்மேல்தான் அவளுக்கு இளக்காரம் அதிகம். பார்வையாளர்களுக்கும் அதுதான் பிடித்திருந்தது.

போன மாதம் ஏமாந்தவள் அவளுடைய சொந்த அக்கா. பதினோரு வருடமாகத் தையல் சொல்லிக்கொடுத்த சேனல் அக்காவுடையது. ஏதோ தையல் இயந்திர நிறுவனம் என்று வந்த மின்னஞ்சலை நம்பி, கையெழுத்துப் போடுமுன் நிபந்தனைகளை ஒழுங்காகப் படிக்கவேண்டுமே என்ற பொறுப்பில், ஒப்பந்தக் கோப்பைத் திறந்தாள். அதற்குள் ஒளிந்திருந்த திருட்டு நிரலால், பொழுது சாய்வதற்குள் சேனல் யார் கைக்கோ போய்விட்டது. வீடியோ ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இன்று காலை சல்லடை அதைத்தான் பேசிப் பதிவு செய்திருந்தாள். அக்கா அழுதபடி அனுப்பிய குரல் பதிவை நடுவில் ஓடவிட்டு, அதைக் கேட்டுச் சிரித்தும் இருந்தாள். மாலை ஐந்து மணிக்கு வெளியிடுவதாகத் திட்டம். போனில் அக்காவிடமும் அதைச் சொன்னாள்.

“போடாதடி. என்கிட்ட தைக்கக் குடுக்கிற நாலு பேரும் அதைப் பார்ப்பாங்க.”

“பார்க்கட்டுமேக்கா. நாலு பேரு திருந்துவாங்க.”

“சரி, திருத்து. என் அழுகையை எதுக்குடி போடுறே?”

“அதுதான்க்கா வீடியோவே.”

“போட்டேன்னா இனி எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு நினைச்சுக்கறேன்.”

“சரிங்க மகாராணி,” என்று போனை வைத்துவிட்டாள்.

மூன்றரை மணிக்கு அந்த மின்னஞ்சல் வந்தது.

‘வணக்கம் சல்லடை. அக்காவைப் பற்றிய உங்கள் வீடியோ பிடித்திருந்தது. முக்கியமாக ஆறாம் நிமிடத்தில், நீங்கள் நிறுத்திய பிறகும் தொடரும் அந்தச் சிரிப்பு. அதனுடன் சேர்ந்து பணியாற்ற விரும்புகிறோம்.’

வீடியோ இன்னும் கணினியை விட்டு வெளியே போகவில்லை. அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

“எவனோ உள்ள புகுந்துட்டான். புகுந்தவனுக்கு ‘உங்களுடன்’னு ஒழுங்கா எழுதக்கூடத் தெரியல, ‘அதனுடன்’னு எழுதியிருக்கான்,” என்று உதட்டைப் பிதுக்கியபடி, இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் தன் வழக்கமான சோதனைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். சுட்டி இல்லை. கோப்பு இல்லை. அவசரப்படுத்தவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. புகழ்ச்சி இருந்தது, ஆனால் வீடியோவைப் பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய புகழ்ச்சி. வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வரும். இப்போது வரவில்லை.

எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சுத் தகடுகள் ஒட்டிய அறை அது. ஜன்னலையும் அடைத்திருந்ததால் வெளியே பகல் என்பதே உள்ளே தெரியாது. பதிவுக்காக நிறுத்திய மின்விசிறி காலையிலிருந்து சுற்றவில்லை, வியர்வையும் சூடேறிய விளக்கின் பிளாஸ்டிக் வாடையும் கலந்து கழுத்துவரை நின்றன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆறாம் நிமிடத்துக்குப் போனாள். அக்காவின் அழுகை. அடுத்து அவளுடைய சொந்தச் சிரிப்பு. திரையில் அவள் வாயை மூடினாள், தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

சிரிப்பு நிற்கவில்லை.

தண்ணீர் தொண்டையில் இறங்கும் ஒலிக்கு அடியில், மூச்சு வாங்காமல், அதே குரலில் ஓடிக்கொண்டிருந்தது. ஒலியின் அளவைக் காட்டும் பச்சைக் கோடும் அதற்கேற்பத் துள்ளியது. அவள் பின்னால் ஓட்டினாள். மறுபடி கேட்டாள். மறுபடி. பழைய வீடியோ ஒன்றைத் திறந்தாள். அதிலும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தையதில் மெல்லியதாக. இப்போது கணீரென்று.

அது தனியாகவே வளர்ந்திருக்கிறது.

வீடியோவை அழித்தாள். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் அக்காவை அழைத்தாள்.

“அக்கா, நான் போடல. அழிச்சிட்டேன். என்னை மன்னிச்சிடுக்கா.”

போன் பக்கம் குனிந்தாள்.

“அக்கா?”

“சிரிக்காம பேசுடி. ஒண்ணும் புரியல.”

“நான் சிரிக்கலக்கா! அழிச்சிட்டேன்னு சொல்றேன்.”

“இதைச் சொல்லிச் சிரிக்கத்தான் கூப்பிட்டியா?” அக்காவின் குரல் உடைந்தது. “உனக்கு அவ்வளவு சிரிப்பா இருக்கா?”

சல்லடை தன் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு கையாலும். இறுக்கி.

“போதும்டி. இனி கூப்பிடாதே.” இணைப்பு அறுந்தது.

அறையில் எந்த ஒலியும் இல்லை. அவளுக்குக் கேட்கிற மாதிரி எதுவும் இல்லை. கேமரா அணைக்கப்படாமலே இருந்தது. அதன் சின்னத் திரையில் ஒரு பெண் வாயைப் பொத்தியபடி அழுதுகொண்டிருந்தாள். கண்களில் நீர். கைகள் அசையவில்லை.

கைகளுக்குக் கீழே தொண்டை மட்டும், சீராக, உற்சாகமாக, ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.