எதிர்ப் பலகையில் இருந்தவள்

பொலிவியாவின் எல் ஆல்டோ மேட்டில் அன்று காலை பனிமூட்டம் கண்ணை மறைத்தது. சாந்து பூசும் எலோய், கீழே லா பாஸ் நகரத்து வேலைக்குப் போக ரோப் கார் பெட்டியில் ஏறினான்.

பெட்டிக்குள் இரண்டே பலகைகள், எதிரெதிராக. உட்கார்ந்தால் முட்டியோடு முட்டி இடிக்கும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் தப்ப முடியாது. அதனாலேயே ஏறுகிறவர் வணக்கம் சொல்வார், இருக்கிறவர்கள் பதில் சொல்வார்கள். சொல்லாதவனை மனுஷனாகவே சேர்க்க மாட்டார்கள்.

எலோய் அந்த வழக்கத்தை விட்டுவிட்டான். அவனுடைய சுண்ணாம்பு படிந்த கால்சட்டையைக் கண்டு ஒரு சீமாட்டி பாவாடையைச் சுருட்டி இழுத்துக்கொண்ட நாளிலிருந்து, தொப்பியை முகத்துக்கு இறக்கித் தூங்குவதுபோல் நடிப்பான்.

அவனுக்குப் பின்னால் நடுவயசுப் பெண் ஒருத்தி ஏறினாள். நனைந்த கம்பளிப் பாவாடை. யூகலிப்டஸ் தைல வாசனை.

"வணக்கம் தம்பி."

அவன் அசையவில்லை. கதவு மூடிக்கொள்ள, பெட்டி பனிக்குள் மிதந்தது.

"தம்பி... நெஞ்ச அடைக்குது. கையக் கொஞ்சம் பிடிச்சுக்கோயேன்."

காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. இவ்வளவு நேரம் தூங்கியவன் இப்போது எப்படி விழிப்பது? அந்த வெட்கம் கண்ணைத் திறக்க விடவில்லை.

அவள் முட்டிகள் அவன் முட்டிகளை அழுத்தின.

பிறகு அழுத்தம் நின்று ஈரம் மட்டும்.

கீழே கதவருகே நின்ற ஊழியன், "அம்மா, இறங்குங்க" என்று தோளைத் தொட்டான். அவள் தலை உயிரற்றுத் தொங்கியது.

"அண்ணே, ஏதாவது சொன்னாங்களா?"

"தூங்கிட்டேன்பா."

வெள்ளை படிந்த கால்சட்டையில் இரண்டு ஈர வட்டங்கள். கையால் மறைத்துக்கொண்டே நடந்தான்.

மாலையில் திரும்பும்போது பெட்டியில் அவன் மட்டுந்தான். கதவு மூடியது.

தைலம் மணத்தது.

முட்டியில் ஜில்லென்று ஏதோ பட்டது.

"வணக்கம் தம்பி."

கண்ணை இறுக மூடிக்கொண்டான். மறுபடியும்.

மறுநாள் கூட்டாளி காஸ்தோவோடு மினி பஸ்ஸில் ஏறினான். எல்லா இருக்கைகளும் முன்பக்கம் பார்த்தவை.

"இதாண்டா நிம்மதி" என்றான் காஸ்தோ. "ரோப் கார்ல ஏறினா சம்பந்தம் பேசிட்டுதான் எறங்கணும். இங்க முன்னாடி இருக்கறவன் பிடரியப் பாத்தாப் போதும். ஆமா, உனக்கு ஏன் பேயறைஞ்ச மூஞ்சி?"

எலோய் சிரிக்கப் பார்த்தான். அவன் முட்டிக்கு முன்னால் இருக்கையின் முதுகுத் தகரம் மட்டுமே இருந்தது.

"டேய், வண்டிக்குள்ளதான உக்காந்திருக்கே. முட்டி மட்டும் எப்படிடா நனைஞ்சுது?"

இரண்டு வட்டங்கள். அகன்றுகொண்டிருந்தன.

எலோய் தொப்பியைக் கழற்றினான்.

"வணக்கம்மா" என்றான், உரக்க.

ரோப் கார்ப் பழக்கத்தில் வண்டி முழுக்கப் பதில் வணக்கம் சொன்னது.

எதிரில் இருந்தவள் மட்டும் சொல்லவில்லை. முட்டிகளையும் எடுக்கவில்லை.